நம்பர் வந்துதா அம்மா

“நான் மாமியக் கூப்பிடவே இல்ல, ஜிஷா. ஃபோனை எடுத்துப் பாரு—”

“எடுத்துப் பாக்கதுக்கு என்ன இருக்கு, அழிச்சுப் போட்டிருப்ப—”

“நீ ஒருக்கா நான் சொல்லுதத—”

“எனக்க அம்மைக்குப் பொய் சொல்லத் தெரியாது, பெனிஷ். நீ நம்பர் கேட்ட, அவ சொல்லிட்டா. அது என்ன நம்பர்ன்னே அவளுக்கு வெளங்காது—”

“அப்ப எனக்கு மட்டும் பொய் சொல்லத் தெரியும்ன்னு—”

நான் அப்போது அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். சாளை வாங்கியிருந்தேன். சாளைக் குழம்புக்கு அரைப்பு நைசாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திப்பிதிப்பியாகப் பிரிந்து நிற்கும். இரண்டு பேர் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பேசினாலும் எனக்கு இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் நின்று பழகிய காது.

சபிதா மேடம், நீங்கள் அந்தக் காலையைப் பற்றிக் கேட்டீர்கள், அதனால் அங்கிருந்து தொடங்கினேன். காரணம் வேண்டுமென்றால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நான் நிதானமாகத்தான் சொல்வேன். உங்கள் கான்ஸ்டபிளுக்கும் எழுத வசதியாக இருக்கும்.

ஜிஷா எனக்கு ஒரே மகள். தேங்காய்ப்பட்டணம் போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. என் வீட்டுக்காரர் ஏசுஅடிமை தொடங்கியது. அவர் போன பிறகு நானும் அவளும்தான். ஸ்டுடியோவுக்குப் பின்பக்கம் வீடு. வீட்டுக்கென்று தனி வாசல் கிடையாது. வெளியே போகிறவர்கள் நடுக்கதவைத் திறந்து, ஸ்டுடியோவில் நான் உட்காரும் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இப்போது ஃபோட்டோ எடுக்க யார் வருகிறார்கள்? எங்கள் தொழில் நேரலை. எங்கள் கடற்கரையில் வீட்டுக்கு ஒருவராவது குவைத்திலோ கத்தாரிலோ இருப்பார்கள். கல்யாணத்துக்கு லீவு கிடைத்தாலும் கிடைக்கும், சாவுக்குக் கிடைக்காது. அதனால் அடக்கத்தை எங்கள் யூடியூப் சேனலில் ஜிஷா அப்படியே காட்டுவாள். அங்கே கேம்ப் கட்டிலில் உட்கார்ந்து ஒரு மகன் ஃபோனில் தன் அம்மையின் முகத்தைப் பார்ப்பான். பெட்டியை மூடும் முன்னால் வீட்டார் ஒவ்வொருவராகக் குனிந்து முத்தம் கொடுப்பார்களே, அந்த நேரத்தில் அவன் ஃபோனுக்கு முத்தம் கொடுப்பான். லீவில் வரும்போது எத்தனையோ பேர் இதை என் மேசைக்கு முன்னால் நின்று சொல்லி அழுதிருக்கிறார்கள். அந்தச் சேனல்தான் எங்கள் கடை.

அந்தக் கடையை ஒரு தடவை நிஜத் திருடன் உடைத்தான். அதை நான் செய்யவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஜிஷாவுக்குக் கத்தாரில் எடிட்டிங் வேலை சரியாகி வந்திருந்தது. கொச்சியில் இன்டர்வியூ. புறப்பட வேண்டிய அன்றைக்கு ஒரு மெயில் வந்தது. நாங்கள் போட்ட கல்யாண வீடியோவில் பாட்டு உரிமை மீறல் இருக்கிறது, உடனே இங்கே அழுத்திச் சரிசெய்யாவிட்டால் சேனலை மூடிவிடுவோம் என்று. பதற்றத்தில் அழுத்திவிட்டாள். பாஸ்வேர்ட் கேட்டது, அடித்துவிட்டாள். அது அவள் சித்தப்பாவின் வள்ளத்து எண். எங்கள் கரையில் பாதிப் பேருக்கு அவரவர் வீட்டு வள்ளத்து எண்தான் பாஸ்வேர்ட். மெயிலுக்கும் அது, பாங்கிக்கும் அது. வள்ளத்தின் இரண்டு பக்கத்திலும் பெயிண்டில் பெரிதாக எழுதி ஹார்பரில் நிறுத்திவைத்திருப்பதை எல்லோரும் ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு மணி நேரத்தில் எங்கள் சேனலில் எவனோ ஒரு வெள்ளைக்காரன் கம்ப்யூட்டர் காசு விற்றுக்கொண்டிருந்தான்.

ஜிஷா கொச்சிக்குப் போகவில்லை. கம்ப்யூட்டர் முன்னாலேயே கிடந்தாள். நான் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டேன். சின்ன வயதுக்குப் பிறகு அவள் என் கையால் சாப்பிட்டது அப்போதுதான். சேனல் திரும்பக் கிடைத்த அன்று என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். “நான் போயிருந்தா நீ ஒத்தைக்கு என்னம்மா செய்திருப்ப? இனி நான் எங்கயும் போவல்ல” என்றாள். அவள் வாயால் சொன்னது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் பூட்டை மாற்றினாள். பாஸ்வேர்டோடு ஒரு நம்பரும் வேண்டும். புதிதாக ஒரு லேப்டாப்பிலோ ஃபோனிலோ நுழையும்போதெல்லாம் அந்த நம்பர் என் ஃபோனுக்கு வரும்படி வைத்தாள். சாவு வீட்டில் அவளுடைய ஃபோன் நெட் கொடுப்பதற்கே சரியாக இருக்கும், வாடகை லேப்டாப் ஆளுக்கு ஆள் மாறும். நான் ஸ்டுடியோவில் சும்மா இருக்கிறவள். அங்கிருந்து யார் ஃபோனிலாவது கூப்பிடுவாள்.

“நம்பர் வந்துதா அம்மா?”

“வந்துது மக்கா. எழுதிக்கோ.”

நான் ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். அவள் திருப்பிச் சொல்லுவாள். செபமாலையில் பாதியை ஒருவர் சொல்ல மீதியை மற்றவர் சொல்வது மாதிரி. பெனிஷ் எங்களிடம் கேமரா வேலைக்குச் சேர்ந்த பிறகு சில நாள் அவனும் கூப்பிட்டுக் கேட்பான். அவனுக்கும் சொல்லுவேன். அது எங்கள் வேலை முறை.

வியாபாரிகள் சங்கத்தில் சிறுகடைக்காரர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். கம்ப்யூட்டர் திருட்டிலிருந்து கடையைக் காப்பது எப்படி என்று. ஜிஷாவுக்கு அன்றைக்கு ஒரு கல்யாணம், நான் போனேன். ஆன்ஸ்லின் என்று ஒரு பெண் பாடம் எடுத்தாள். கெட்டிக்காரி. ஒரே பாஸ்வேர்டை எல்லாவற்றுக்கும் வைக்கக் கூடாது, யாரிடமிருந்து மெயில் வந்தது என்று எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும், முக்கியமானதை வேறொரு இடத்தில் நகல் எடுத்து வைக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னாள். முறுக்குக் கடைக்காரர் ஒருவர் எழுந்து, “எனக்க பாஸ்வேர்டு எனக்கே தெரியாது மக்கா, பின்ன திருடனுக்கு எப்பிடித் தெரியும்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. “தெரியண்டாம் அண்ணே. மறந்துட்டேன்னு ஒரு இடம் இருக்கும், அதை அழுத்தினா போதும். உங்க ஃபோனுக்கு நம்பர் வரும். ஃபோன் யாருக்க கையில இருக்கோ கடை அவங்களுக்காக்கும். அதனால அந்த நம்பரை யாருட்டயும் பறையாதீங்கோ” என்றாள்.

மற்றவர்கள் பயந்துபோய் ஃபோனைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த ஒரு வரியையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருடம் பெங்களூரில் ஒரு சிநேகிதி ஜிஷாவைக் கூப்பிட்டாள். சேர்ந்து ஸ்டுடியோ போடலாம் என்று. ஜிஷா பையை எடுத்துத் தூசு தட்டினாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் நான் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மறந்துவிட்டேன் என்ற இடத்தை அழுத்தினேன். என் ஃபோனுக்கு நம்பர் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. புதுப் பாஸ்வேர்ட் போட்டு, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றினேன். வந்த செய்தியையும் அழித்தேன். அவள் மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள், நம்பர் கேட்டபோதெல்லாம் வரவில்லை என்றேன், மறுபடியும் ஊட்டினேன். பெங்களூர்ப் பேச்சு நின்ற பிறகு, நம்பர் வருகிறதா பார்ப்போம் என்று நானே எடுத்துக்கொடுத்து, அவளையே திறக்கவைத்தேன். ஒரு சேதமும் இல்லை. திருடன் வந்தால் சும்மா போவானா? நான் செய்ததில் ஒரு படம்கூடப் போகவில்லை.

எனக்கு இதெல்லாம் தெரியும் என்று ஏன் யாருக்கும் தோன்றவில்லை என்று கேட்டீர்கள். மவுஸைக் கண்டால் நான் கையை இழுத்துக்கொள்வேன், “அம்பு எங்க ஓடுது, பிடி மக்கா” என்பேன், ஜிஷா சிரிப்பாள். அவள் சிரிப்பதற்காகச் செய்தது. தெரியாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

இனி பெனிஷ். நல்ல பையன் என்பதை நான் மறுக்கவில்லை. கேமராவைத் தோளில் வைத்தால் கை ஆடாது. காலையில் வந்தவுடன் என் கண்ணாடியை வாங்கித் துடைத்துத் தருவான், “மாமி, இதுல நேத்தைக்குக் குழம்பு இருக்கு” என்பான். கெட்டவனாக இருந்திருந்தால் ஜிஷாவே விட்டிருப்பாள், எனக்கு இந்த வேலை வந்திருக்காது. இரண்டு பேருக்கும் தோஹாவில் ஒரே கம்பெனியில் வேலை சரியானது. அவர்கள் கல்யாணம் முடிந்ததும் சேர்ந்து போவதாகப் பேச்சு.

“நீங்களும் வந்து ரெண்டு மாசம் நிக்கணும், மாமி” என்றான்.

விருந்தாளியாக.

அதற்கு மேல் ஜிஷா ஒன்று சொன்னாள். “இஞ்ச நீ பாவம், ஒவ்வொரு தடவையும் நம்பர் சொல்லிக் கஷ்டப்படுத. கல்யாணம் கழிஞ்ச உடனே அதை எனக்க ஃபோனுக்கு மாத்திடுதேன். சேனலை அங்க இருந்தே நாங்க பாத்துக்கிடுவோம். நீ நிம்மதியா இரு.” அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பாசமாகத்தான் சொன்னாள். எனக்குச் சுவர் நாலும் பக்கத்தில் வந்த மாதிரி இருந்தது.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் சொல்லவும் என்று. முதல் ஓலை வாசித்தபோது நான் முன்வரிசையில்தான் இருந்தேன். எனக்குச் சொல்ல ஒரு தடையும் இல்லை. கோயிலில் பொய் சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் பேசாமல் இருந்தேன்.

அந்த வாரத்தில்தான் பூங்கனி மரித்தாள். பூங்கனியும் நானும் ஒரே பாடகர் குழுவில் பாடியவர்கள். அவளுக்கு மூத்தவன் சுந்தரராஜ் ஊரில், இளையவன் ஆன்றோ குவைத்தில். ஆன்றோவுக்கு வரமுடியவில்லை, கம்பெனி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை. ஜிஷாவும் பெனிஷும் நேரலைக்குப் போனார்கள். நான் முந்தின நாளே அவள் வீட்டில் அழுதுவிட்டு வந்துவிட்டேன். அடக்கத்தன்று முழங்கால் வலி என்று ஸ்டுடியோவிலேயே இருந்துகொண்டேன்.

கம்ப்யூட்டரில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒரே ஒரு அழுத்து பாக்கி. பக்கத்தில் என் ஃபோனில் அதே நேரலை ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். நேரலைக்குக் கீழே ஆன்றோ எழுதிக்கொண்டிருந்தான், அம்மைக்க முகத்தைக் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க என்று. பெனிஷ் கேமராவை மெதுவாகக் கிட்டே கொண்டுபோனான். நன்றாகக் காட்டினான், குறை சொல்ல முடியாது. சுந்தரராஜ் குனிந்து முத்தம் கொடுத்தான். ஒரு மகள் கொடுத்தாள். அடுத்துக் கேமரா பூங்கனியின் நெற்றிக்குப் பக்கத்தில் போய் நின்றது, ஆன்றோவின் முறை.

நான் அப்போது அழுத்தினேன்.

அதைச் சீக்கிரமே செய்திருக்கலாம். பாட்டு நேரத்தில் நின்றிருந்தால் நெட் போய்விட்டது என்று மன்னித்துவிடுவார்கள். மன்னித்துவிட்டால் பிரயோஜனம் இல்லை. யாரும் மன்னிக்க முடியாத நேரமாக இருக்க வேண்டும். இதை நான் யோசித்துத்தான் செய்தேன். திரை கறுத்தபோது நான் பூங்கனிக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னேன்.

அவர்கள் திரும்பி வந்தபோது ஜிஷாவின் முகத்தில் ரத்தமே இல்லை. கம்ப்யூட்டரைத் திறந்து, பெனிஷ்தான் முதலில் கண்டுபிடித்தான். “ஏட்டி, வெளியில இருந்து யாரும் வரல்ல. பாஸ்வேர்ட மாத்தினது இந்தக் கம்ப்யூட்டர்ல இருந்தாக்கும்” என்றான். கெட்டிக்காரன். அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான் என்பது ஊருக்கே தெரியும். அவனிடம் ஸ்டுடியோ சாவி உண்டு. அடக்கத்துக்கு நடுவில், நேரலை ஓடும்போதே, பேட்டரி எடுக்க அவன் பைக்கில் வந்துபோனதும் உண்டு. அதை நான் திட்டம் போடவில்லை, அதுவாக அமைந்தது. அப்போதே மாற்றிவிட்டான், நேரலை அறுந்துபோகத்தான் கொஞ்ச நேரம் எடுத்தது என்று ஜிஷா நினைத்துக்கொண்டாள்.

ஜிஷா என் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, இன்னைக்கு உனக்கு நம்பர் வந்துதா?”

“வந்துதே. பெனிஷ் கூப்பிட்டுக் கேட்டானே, சொன்னேனே. ஏன் மக்கா, சொல்லப்பிடாதா?”

அவ்வளவுதான் சொன்னேன். பெனிஷ் என்னைப் பார்த்தான். அவனுக்கு உடனே கோபம் வரவில்லை. “மாமி, வேற யாராவது எனக்க பேரு சொல்லிக் கேட்டாங்களா? குரல் எப்பிடி இருந்துது?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டான். என் மேல் அவனுக்குச் சந்தேகம் வரவேயில்லை. “உனக்க குரல்தான் மக்கா” என்றேன்.

மறுநாள் காலையில் நீங்கள் கேட்ட அந்தச் சண்டை. அவன் பேச, அவள் பேச, நான் துருவிக்கொண்டிருந்தேன். அதற்குள் ஊரில் செய்தி பரவியிருந்தது. தோஹாவில் சொந்தமாகச் சேனல் நடத்த பெனிஷ் இதைத் திருடப் பார்த்தான் என்று பேசிக்கொண்டார்கள். அப்படி நான் எல்லோரிடமும் சொல்லவில்லை. மீன் வாங்கும்போது ஒருத்தியிடம் மட்டும் வருத்தப்பட்டேன்.

வெளியே வேன் வந்து நின்றது. சுந்தரராஜின் குரல். “எங்கலே அவன்? எனக்க தம்பி அங்க கெடந்து சுவர்ல முட்டுகான், எங்கலே அவன்?”

ஜிஷா பெனிஷை ஸ்டுடியோவில் விட்டுவிட்டு, தண்ணீர் குடிக்க நடுக்கதவு தாண்டி வீட்டுக்குள் வந்திருந்தாள். நான் அடுக்களையிலிருந்து வந்து கதவைச் சாத்திப் பூட்டினேன். இதை எந்தத் தாயும் செய்வாள்.

“அம்மா, கதவத் திற. அவனப் போட்டு அடிக்காங்க.”

“கை நடுங்குது மக்கா. சாவிய எங்க வச்சேன்னு தெரியல்ல.”

“அம்மா, அவன் கூப்பிடுகான்.”

“உனக்கு ஒண்ணும் ஆகப்பிடாதில்லா. சத்தம் போடாத.”

சாவி என் முந்தானையில்தான் இருந்தது. அவள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் பெனிஷ் ஒரு தடவை ‘மாமி’ என்று கூப்பிட்டான், பிறகு கூப்பிடவில்லை. கேமரா ஸ்டாண்டால் அடித்தார்கள் என்று பிறகு தெரிந்தது. ஜிஷா கதவோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வேன் போன பிறகு சாவி கிடைத்துவிட்டது என்று சொல்லித் திறந்தேன்.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் வலது கண்ணில் இனிப் பார்வை வராது. கேமராவில் பார்ப்பதற்கு ஒரு கண் போதும்தானே, மற்றதை மூடிக்கொண்டுதானே பார்ப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அவன் அம்மைக்கு ஒரு ஃபிளாஸ்க் நிறையக் கஞ்சி கொடுத்தனுப்பினேன். தோஹா வேலை போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், ஊர் ஒரு மாதிரி பேசும் என்றேன். ஜிஷா போகவில்லை. சாமியாரிடம் அவளே போய் இரண்டாம் ஓலை வாசிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வேலைக்குப் போகவில்லை. ஸ்டுடியோவில் பாதி ஷட்டர்தான் திறப்போம். அவள் உள்ளே ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பாள். தட்டை வைத்தால் சாப்பிட மாட்டாள், ஊட்டினால் சாப்பிடுவாள். பேச்சு கிடையாது. ஆனால் வீட்டில் இருக்கிறாள், பத்திரமாக இருக்கிறாள். நான் ராத்திரி எழுந்து பார்த்தால் அவள் படுத்திருப்பது தெரியும். இந்தக் காலத்தில் எத்தனை அம்மைமாருக்கு அது கிடைக்கிறது?

அப்படி இருக்கும்போது நீங்கள் என் ஃபோனுக்கு வந்த அழைப்புகளின் பட்டியலை ஃபோன் கம்பெனியிலிருந்து எடுத்து வந்தீர்கள். அடக்கத்தன்று பெனிஷிடமிருந்து அழைப்பே இல்லை என்றீர்கள். “உங்களுக்கு மறதியா இருக்கும்மா. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்று நீங்களே எனக்கு வழியும் காட்டினீர்கள். நல்ல மனசு. எனக்கு மறதி கிடையாது.

சரி, நீங்கள் கேட்ட மாதிரியே சொல்கிறேன். பாஸ்வேர்டை மாற்றியது நான். நேரலையை நிறுத்தியது நான். பெனிஷ் நம்பர் கேட்கவில்லை, நான் யாருக்கும் சொல்லவுமில்லை. பாடம் எடுத்த பெண் சொன்னதை அந்த ஹாலில் இருந்தவர்களில் நான் ஒருத்திதான் முழுசாகக் கடைப்பிடித்தேன். அவன் கண் போகும் என்று நான் நினைக்கவில்லை. கதவைத் திறந்திருந்தால் போயிருக்காது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் திறந்திருந்தால் ஜிஷா அவன் பக்கம் போய் நின்றிருப்பாள். ஒரு தடவை போய் நின்றால் பிறகு திரும்பி வருவாளா?

என் மேல் கேஸ் போட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்து எங்கே என்று காட்டினால் போட்டுவிடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவையும் நான் சொல்லும்போது ஜிஷாவை என் பின்னால் பெஞ்சில் உட்காரவைத்தீர்களே, அது வேண்டாத வேலை. பலவீனமாக இருக்கிற பிள்ளை. வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினாள்.

பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். சுவரைப் பிடிக்காமல் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, உங்களைத்தான் பார்த்தாள். நீங்கள் தலையை அசைத்தீர்கள். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

“ஏட்டி ஜிஷா, நேரா வீட்டுக்குப் போய்க் கதவச் சாத்திக்கோ. நான் வாரது வரைக்கும் எங்கயும் போவண்டாம், கேட்டியா மக்கா?”